உலகக் கோப்பையா, சேலஞ்ச் கோப்பையா? பிரிட்டோரியா போட்டிக்கு முன் ஒரு வாய்ச்சண்டை

கணக்குப்பிள்ளை, டர்பன்:
மிட்ராண்ட் மச்சான் நேற்று வாட்ஸப் குழுவில் போட்ட முன்னோட்டத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த 2023 மே மாதம் பிரிட்டோரியாவில் ஆப்பிரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப் நடக்கிறது, சரி. நம் தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணியைப் பற்றி எழுத வந்தவர், "கேட்லின் ரூஸ்க்ரான்ட்ஸ் 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர், ஆகவே பார்ஸ் (இரட்டைக் கம்பி) தங்கம் ஏற்கெனவே நம் பெட்டியில்" என்று முடித்துவிட்டார். ஐயா, ஹங்கேரியில் சோம்பாத்தேய் என்ற ஊரில் கேட்லின் வென்றது உலக சேலஞ்ச் கோப்பை. உலகக் கோப்பைத் தொடர் வேறு, சேலஞ்ச் கோப்பைத் தொடர் வேறு. தெரியாவிட்டால் நாலு பேரைக் கேட்டு எழுத வேண்டும்.

மிட்ராண்ட் மச்சான்:
வணக்கம் கணக்கு ஐயா. ஒரு பெண் தங்கம் வாங்கினால் அதற்கும் ரசீது கேட்கிற ஆள் நீங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து போய் அந்த மேடையில் தங்கம் வாங்கியவர் அதற்கு முன் யாரும் இல்லை. பத்திரிகைகளும் உலகக் கோப்பை என்றுதான் எழுதின.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
பத்திரிகை எழுதினால் வேதமா? சேலஞ்ச். எழுத்துக்கூட்டிப் படியுங்கள்: சே-ல-ஞ்ச்.

ஜிம் அம்மா, லெனேஷியா:
என் மகள் ஏழு வருடமாக பீம் என்ற குறுகிய கட்டையில் ஏறி விழுந்து எழுந்துகொண்டிருக்கிறாள். அந்த உரிமையில் கொஞ்சம் பேசுகிறேன். கோப்பைக்கு என்ன பெயரோ இருக்கட்டும், அது நாலு வருடத்துக்கு முந்தைய கதை. இன்றைக்கு யார் எவ்வளவு கடினமான வரிசையைக் கம்பியில் செய்கிறார்கள் என்று பாருங்கள். மிகக் கடினமான எட்டு அசைவுகளைக் கூட்டி, அவற்றை இடைவிடாமல் இணைத்தால் அதற்கும் சேர்த்து, கட்டாய அம்சங்களுக்கு 2.0 வரை போட்டு ஒரு மதிப்பெண் வரும். இன்னொரு பக்கம் 10-லிருந்து ஒவ்வொரு பிழைக்கும் கழித்துக்கொண்டே வருவார்கள். கால் சற்று விரிந்தால் 0.1, கீழே விழுந்தால் முழுசாக 1.0. இரண்டையும் கூட்டியதுதான் மொத்த மதிப்பெண்.

இப்போது அல்ஜீரியாவுக்காகக் கைலியா நெமூர் வருகிறாள். பிரான்சில் பிறந்து வளர்ந்த 16 வயதுப் பெண். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை, பிறகு பிரெஞ்சு சம்மேளனத்தோடு தகராறு, அப்பாவின் நாட்டுக்கு மாறினாள். வேறு நாட்டுக்கு ஆட அனுமதி தராமல் பிரெஞ்சுக்காரர்கள் மாதக்கணக்கில் இழுத்து, இப்போதுதான் வழி விட்டிருக்கிறார்கள். அவள் பார்ஸ் செய்கிற காணொளியைப் பார்த்த பிறகு "தங்கம் நம் பெட்டியில்" என்று எழுத எனக்குக் கை வராது.

மிட்ராண்ட் மச்சான்:
அக்கா, காணொளியில் நானும்தான் நன்றாகச் சமைக்கிறேன். பிரிட்டோரியா கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல். ஃப்ளோரில், அதாவது தரை ஆட்டத்தில், 90 விநாடி ஆடி முடிப்பதற்குள் வெளியூர்க்காரர்களுக்கு மூச்சு வாங்கும். நம் பெண்கள் ஜோபர்க் மலைக்காற்றிலேயே வளர்ந்தவர்கள்.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
பார்ஸைப் பற்றிக் கேட்டால் ஃப்ளோருக்கு ஓடுகிறார். கம்பியில் தொங்குகிறவளுக்கு அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், அதற்கு என்ன மலைக்காற்று? நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. உலகக் கோப்பை என்று எழுதியது தவறா, இல்லையா?

சாட்ஸ்வொர்த் தாத்தா:
தம்பிகளா, கோப்பையின் பெயருக்கு அடித்துக்கொள்கிறீர்கள். நிறவெறி அரசு எங்களை டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கியபோது அங்கே ஓடி விளையாட ஒரு மைதானம் ஒழுங்காக இல்லை, கம்பிக்கும் பீமுக்கும் எங்கே போவது? எங்கள் பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் தேங்காய்நார் மெத்தையில் குட்டிக்கரணம். 1973-ல் இதே டர்பனில் நிறவெறியை எதிர்த்த சாகோஸ் விளையாட்டு அமைப்பு உருவானபோது எனக்கு 19 வயது. "அசாதாரணச் சமூகத்தில் சாதாரண விளையாட்டு இல்லை" என்ற முழக்கத்தைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. இன்று கேட்லினும் நவீன் டேரிஸும் நாட்டின் உடையில் நிற்பதைப் பார்க்கவே எனக்குப் போதும். அதிலும் நவீன் நம்ம பெண் என்று கேள்விப்பட்டேன்.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
யார் சொன்னது?

சாட்ஸ்வொர்த் தாத்தா:
பெயரே சொல்கிறதே, நவீன்!

ஜிம் அம்மா, லெனேஷியா:
தாத்தா, பெயரை வைத்து ஜாதகம் கணிக்காதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய பெண், அதை வைத்துச் சொந்தம் கொண்டாடுங்கள். கேட்லின் 2019 ஷ்டுட்கார்ட் உலகச் சாம்பியன்ஷிப் வழியாக டோக்கியோ போனார். நவீனுக்கு வழி திறந்தது இதே ஆப்பிரிக்கச் சாம்பியன்ஷிப்தான். இந்தத் தடவை இங்கே நன்றாகச் செய்கிறவர்களுக்கு ஆன்ட்வெர்ப் உலகச் சாம்பியன்ஷிப் இருக்கிறது. அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

மிட்ராண்ட் மச்சான்:
நம்ம பெண் என்று பார்த்தால் தீபா கர்மாகர் இருக்கிறார். ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் என்ற தாவல் பிரிவில் நாலாவது இடம், 15.066. வெண்கலம் 0.15-ல் போனது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
தீபா திரிபுரா. நீங்கள் திருநெல்வேலி. என்ன நம்ம பெண்? 1860-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தென்னாப்பிரிக்க அணியைப் பற்றி எழுதும் இடத்தில் இந்திய அணியை எதற்கு இழுக்கிறீர்கள்? மூன்று வருட விசாவில் வந்தவருக்கு இது புரியாது.

மிட்ராண்ட் மச்சான்:
விசாவைத் தொட்டுவிட்டீர்களா, சரி. 1860-ல் வந்த குடும்பத்துக்குத் தமிழில் நாலு வரி பிழையில்லாமல் எழுத, சங்க மலரில் விசாக்காரன்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கிறது. போன தைப்பூச மலரில் "காவடி" என்பதை "காவடை" என்று அச்சடித்தது யார்?

கணக்குப்பிள்ளை, டர்பன்:
அது அச்சகத்தின் பிழை என்று அப்போதே சொன்னேன். சேலஞ்ச் கோப்பையை உலகக் கோப்பை ஆக்கியதும் அச்சகமா?

பீனிக்ஸ் பையன்:
ஒரு சின்ன சந்தேகம். அந்த ஊர் பெயர் சோம்பாத்தேயா, சோம்பத்ஹெலியா? சோம்பேறி என்று வாசித்துவிட்டுப் பத்து நிமிடம் சிரித்தேன்.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
சோம்பாத்தேய். ஹங்கேரியர்களுக்கு அந்த எழுத்துக்கூட்டு அப்படித்தான் ஒலிக்கும்.

மிட்ராண்ட் மச்சான்:
ஊர் பெயருக்கு உச்சரிப்பு வகுப்பு எடுக்கிறார், ஆனால் அங்கே கிடைத்த தங்கத்தைத் தங்கம் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
தங்கம் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். தங்கம்தான். சேலஞ்ச் கோப்பைத் தங்கம். இரண்டையும் நடத்துவது உலகச் சம்மேளனம்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பீர்கள், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். நாடார் கடையும் செட்டியார் கடையும் ஒரே தெருவில் இருந்தால் ஒரே கடை ஆகிவிடுமா?

ஜிம் அம்மா, லெனேஷியா:
ஒரே ஆள் இரண்டு கடை வைத்திருக்கிறார் என்பதுதான் சரியான உதாரணம். போகட்டும். என் கேள்வி: பீமில் நம் அணி என்ன செய்யப் போகிறது? பத்து சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம். நெமூர் ஒருத்தி பார்ஸில் எவ்வளவு அள்ளினாலும், அணிப் பதக்கம் பல பேரின் மதிப்பெண்ணைக் கூட்டி வருவது. நம் பெண்கள் பீமில் விழாமல் நின்றால் அணித் தங்கத்துக்கு வாய்ப்பு பலமாக இருக்கிறது. எகிப்தை யாரும் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை.

சாட்ஸ்வொர்த் தாத்தா:
பீம் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் வீட்டு விட்டத்தில் தலைகீழாகத் தொங்கி என் தங்கை கையை முறித்துக்கொண்டாள். அது 1966.

மிட்ராண்ட் மச்சான்:
அக்கா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் பார்ஸ் தங்கம் கேட்லினுக்குத்தான். உலகக் கோப்பை வென்ற அனுபவம் சும்மா போகாது.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
மறுபடியும்!

மிட்ராண்ட் மச்சான்:
மறுபடியும்தான். உலகக் கோப்பை, உலகக் கோப்பை, உலகக் கோப்பை. போதுமா?

கணக்குப்பிள்ளை, டர்பன்:
உலகக் கோப்பை என்ற சொல்லை வாயில் வைக்க உங்களுக்கு அருகதை கிடையாது. 2019 ரக்பி உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஜெயிக்கும் என்று என்னிடம் பந்தயம் கட்டினீர்கள். 32-12 என்று நாம் ஜெயித்தோம். ஒரு முழு பீன்ஸ் பன்னி சவ் (குழம்பு நிரப்பிய ரொட்டி) பாக்கி. நாலு வருடம் ஆகிறது.

மிட்ராண்ட் மச்சான்:
அது பந்தயம் இல்லை, பேச்சு.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
இதோ. சேலஞ்ச் உலகக் கோப்பை ஆகும், பந்தயம் பேச்சு ஆகும். இவர்தான் அணிக்கு முன்னோட்டம் எழுதுகிறார்.

பீனிக்ஸ் பையன்:
நேரடி ஒளிபரப்பு உண்டா? எங்கள் பக்கம் சாயந்தரம் ஸ்டேஜ் 6 மின்வெட்டு.

ஜிம் அம்மா, லெனேஷியா:
நான் மகளோடு காரில் நேரிலேயே போகிறேன். பின்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஜோபர்க் பக்கம் யார் வருகிறீர்கள்?

மிட்ராண்ட் மச்சான்:
நான் வருகிறேன் அக்கா. கணக்கு ஐயா டர்பனிலிருந்து 600 கிலோமீட்டர் வர மாட்டார், வீட்டில் உட்கார்ந்து பெயர்ப்பலகை சரிபார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை, டர்பன்:
வெள்ளிக்கிழமை இரவுப் பஸ்ஸில் வருகிறேன். அம்மா, எனக்கு முன்சீட் வேண்டும். பன்னி சவ் வாங்காமல் அந்த ஆள் வண்டியில் ஏறக்கூடாது.

ஜிம் அம்மா, லெனேஷியா:
பீமைப் பற்றிக் கேட்டேனே?

கணக்குப்பிள்ளை, டர்பன்:
பீமை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த முன்னோட்டத்தில் "சேலஞ்ச்" என்று திருத்தச் சொல்லுங்கள்.