டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது: என்ஜினைப் பழுதுபார்ப்பதா, வேறு என்ஜின் மாற்றுவதா?

நெடும்பயணி:

வணக்கம். என் கார் 1.4 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், 16 வால்வு, மேனுவல் கியர். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது என்ஜினிலிருந்து கீச்சென்ற சத்தம் வந்தது. அடுத்த கணமே படபடவென்று அடித்துவிட்டு நின்றுபோனது. ஓரங்கட்டிவிட்டு ஒரு முறை மட்டும் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட இலகுவாக, தடையே இல்லாமல் சுற்றியது. அதன்பிறகு தொடாமல், இன்னொரு வண்டியால் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மூடியைக் கழற்றியதும் பெல்ட் அறுந்து கிடப்பது தெரிந்தது. 90,000 கிலோமீட்டரில் பெல்ட் மாற்றியதற்குப் பதிவு இருக்கிறது. வாட்டர் பம்ப் மாற்றியதாக எங்கும் எழுதப்படவில்லை. ஒரு மெக்கானிக், “பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் போடுங்கள், இதைத் திறப்பது வீண்செலவு” என்கிறார். இன்னொருவர், “வால்வுகளை மாற்றினால் போதும்” என்கிறார். இருவருமே உள்ளே பார்க்கவில்லை. வண்டியின் பாடி, கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. எதை வைத்து முடிவெடுப்பது?

கைக்கருவி:

உங்கள் என்ஜின் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில என்ஜின்களில் வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் பிஸ்டன் அதைத் தொடாது. அவற்றில் புதுப் பெல்ட் மாட்டி ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் இப்போதைய 16 வால்வு என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் வந்துபோகின்றன. அந்த நேரக் கணக்கைக் காப்பதுதான் பெல்ட்டின் வேலை. ஸ்டார்ட்டர் இலகுவாகச் சுற்றியதை மட்டும் வைத்து வால்வு வளைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நின்றுவிட்டால் சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) இருக்காது. பழுதில்லாத என்ஜினும் அப்படித்தான் சுற்றும்.

வால்வுசீட்:

சிலிண்டர் ஹெட், அதாவது வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேற்பகுதி, அந்த வேலைதான் என் தொழில். உள்ளே பார்க்காமலே என்ஜினைத் தூக்கிப் போடச் சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. நன்றாக இருக்கும் எத்தனையோ பிளாக்குகள் (சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பகுதி) இப்படித்தான் இரும்புக்கடைக்குப் போகின்றன.

அறுந்த நொடியில் நடப்பதைச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை உச்சிக்கு ஏறுகிறது. கேம்ஷாஃப்ட் நின்றதும், திறந்தபடி மாட்டிக்கொண்ட வால்வுகளை முதல் சில சுற்றுகளிலேயே பிஸ்டன் அடித்துவிடும். அங்கே இருப்பவற்றில் மெலிந்தது வால்வின் தண்டு, அதனால் வளைவது அதுதான். வளைந்தபின் அது பிஸ்டனின் வழியிலிருந்து விலகிவிடுவதால் அடி பெரும்பாலும் அத்தோடு நிற்கிறது. வால்வின் தலை ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்தால்தான் நிலைமை வேறு: பிஸ்டன் உடையும், சுவர் கிழியும், ஹெட்டும் நொறுங்கும். டீசலில் பிஸ்டன் ஹெட்டை ஒட்டியே ஏறுவதால் வால்வை அழுத்தும் ராக்கரோ கேம்ஷாஃப்டோ கூட உடையலாம். உங்களுடையது பெட்ரோல், ஒடிந்த துண்டு உருளும் சத்தத்தையும் நீங்கள் சொல்லவில்லை. பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டு நான்கு பிஸ்டன்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டான கிராங்க்கை உச்சிப்புள்ளியிலிருந்து 90 டிகிரி தள்ளி நிறுத்த வேண்டும். நான்கு பிஸ்டன்களும் நடுவழியில் நிற்கும், அப்போது கேம்ஷாஃப்ட்டைத் திருப்பினால் எதுவும் இடிக்காது. குறிகளைப் பொருத்தி, தற்காலிகமாக ஒரு பெல்ட் மாட்டி, கையால் மட்டும் சுற்றி, காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனை செய்யட்டும். சிலிண்டருக்குள் செலுத்தும் காற்று, என்ஜின் காற்றை இழுக்கும் த்ராட்டில் வழியே சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கான பதில். மேலே எத்தனை வால்வு வளைந்தாலும் சரிசெய்யலாம். கீழ்ப்பகுதி போயிருந்தால் மட்டுமே என்ஜின் மாற்றும் பேச்சை எடுக்க வேண்டும்.

இன்னொன்று. பெல்ட் ஏன் அறுந்தது? மாற்றி 48,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. கீச்சென்ற சத்தம் வேறு வந்திருக்கிறது. பல என்ஜின்களில் இதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, அதன் கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

நெடும்பயணி:

மிக்க நன்றி. பம்ப் பேரிங் இறுகி, கப்பி அசையவே இல்லை. பெல்ட் அதன்மேல் தேய்ந்து அறுந்திருக்கிறது. லீக் டவுன் சோதனையில் காற்று இன்டேக் பக்கம் மட்டுமே வந்தது, ஆயில் வாயில் எதுவும் இல்லை. ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள். எட்டு இன்டேக் வால்வுகளில் ஆறு வளைந்திருக்கின்றன. பிஸ்டன்களின் மேல் நகம் பதிந்தாற்போல் ஆழமில்லாத பிறைத் தடங்கள் உள்ளன. இப்போது மெக்கானிக், “பிஸ்டனில் அடி விழுந்துவிட்டது, என்ஜினை மாற்றுவதே நல்லது” என்கிறார். 70,000 கிலோமீட்டர் ஓடிய என்ஜின் ஒன்று கிடைக்கிறதாம். அதற்குப் பதிவு எதுவும் இல்லை.

சாலையோரம்:

நான் என்ஜின் மாற்றியவன். எனக்கு வால்வு ஒடிந்து சிலிண்டர் சுவர் கிழிந்திருந்தது, வேறு வழியில்லை. மாற்றுவதானால் என்ஜின் குறியீடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்ஜினிலும் சென்சார்களும் இன்ஜெக்டர்களும் மாறுபடும். பதிவுச் சான்றில் என்ஜின் எண் இருந்தால் அதையும் திருத்த வேண்டும். வெளியே இருக்கும்போதே கம்ப்ரெஷன் சோதியுங்கள். அதே நேரத்தில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப், பின்பக்க கிராங்க் ஆயில் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். வண்டிக்குள் ஏற்றியபின் அந்த சீலை எட்ட கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டிவரும்.

வால்வுசீட்:

சாலையோரம் சொன்னது அத்தனையும் சரி, அவருடைய என்ஜினுக்கு. உங்களுடையதை அளந்து பார்க்காமல் கைவிடாதீர்கள்.

ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டயல் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒத்திருந்தால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையவில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராடையும் பிஸ்டனையும் வெளியே எடுத்தாக வேண்டும். தடங்களின் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்து, மேலெழும்பிய விளிம்பை மட்டும் மெதுவாகத் தேய்த்து விடுங்கள். ஆழமில்லாத தடத்தால் பிஸ்டன் கெடாது. உயரமும் ஒத்து, வெடிப்பும் இல்லை என்றால் என் பதில் தெளிவு: உங்கள் பிளாக்கை வைத்துக்கொள்ளுங்கள். அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும். அந்த 70,000 கிலோமீட்டர் என்பது விற்பவர் வாய்ச்சொல்.

ஹெட் வேலையில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. அடிபட்ட வால்வை நிமிர்த்திப் போடவே கூடாது, பின்னால் தலை ஒடியும். ஆறு மட்டும் வளைந்திருந்தாலும் எட்டையும் மாற்றுங்கள். மீதி இரண்டும் அடி வாங்கவில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வால்வின் தண்டு ஓடும் வால்வு கைடுகளில் ஆட்டமோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்து, வால்வுத் தலை அமரும் சீட்டுகளைச் சீராக்கி, தண்டின் வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீல்களைப் புதிதாகப் போட வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்பு வைத்து வளைவை அளக்கட்டும். வரம்பைக் கையேட்டில் பாருங்கள், பல என்ஜின்களுக்கு அது 0.05 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். வேலை முடிந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து ஒவ்வொரு அறையிலும் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். காற்று வந்துபோகும் போர்ட் பக்கம் ஒரு சொட்டும் கசியக் கூடாது.

நெடும்பயணி:

நான்கு பிஸ்டன்களும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. வெடிப்பு எதுவும் இல்லை. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். திரும்ப மாட்டும்போது மெக்கானிக்கிடம் எதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்?

வால்வுசீட்:

படித்ததும் மனம் நிறைந்தது. ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகை என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலையும் கூலன்ட்டையும் காற்றடித்து எடுக்கச் சொல்லுங்கள். திரவம் கிடக்கும் துளையில் போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே வெடிக்கலாம். பெல்ட்டோடு டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லர், பம்ப் அனைத்தும் புதிதாக இருக்கட்டும். ஹெட்டைக் கழற்றும்போது கூலன்ட் கீழே வடிந்திருக்கும், எனவே ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

பெல்ட் மாட்டியபின் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று முடித்து எல்லாக் குறிகளும் பழையபடி ஒன்றுசேர வேண்டும். நடுவில் ஏதாவது தட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பலம் கொடுக்கக் கூடாது. பிறகு எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். கம்ப்ரெஷனை நான்கிலும் அளந்து இங்கே எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.