வேலைய விட்டுட்டு முழுநேரமா திரைக்கதை எழுத போலாமா?

நெல்லைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 27, சோழிங்கநல்லூர்ல ஐடி சப்போர்ட் வேலை. மூணு வருஷமா ராத்திரி முழிச்சி ரெண்டு ஸ்கிரிப்ட் முடிச்சிருக்கேன், ஒன்னு 118 பக்கம். டைரக்டர் ஆகணும்னு ஆசையே கெடையாது, எழுத மட்டும்தான் வருது. கையில எட்டு மாச செலவுக்கு காசு இருக்கு, வேலைய விட்டுட்டு எறங்கலாமான்னு பாக்கேன். அம்மாட்ட இன்னும் சொல்லல. எழுதுனத மட்டும் யாராவது வாங்குவாங்களா? எவ்ளோ நாளாகும்?

சாலிகிராமவாசி:
தம்பி, வேலைய விடாதீங்க. நான் 11 வருஷமா டிஸ்கஷன்ல, அதாவது டைரக்டரோட டீமா உக்காந்து கதைய பேசிப்பேசி சீனாக்குற எடத்துல உக்காரேன். எழுதி வச்ச ஸ்கிரிப்ட வாங்குற சந்தைன்னு ஒன்னு நம்ம கோடம்பாக்கத்துல கெடையாது, முக்கால்வாசி படத்துல "எழுத்து, இயக்கம்"னு ஒரே பேருதான வருது, கதை சொல்லப் போனா புரொடியூசர் மொதல்ல கேக்குறதே யாரு டைரக்ட் பண்றா, எந்த ஹீரோன்னுதான். சுஜாதா, பாலகுமாரன் எல்லாம் வசனம் எழுத வந்தப்போ ஏற்கனவே பத்திரிகைல பேர் வாங்குனவங்க. நமக்கு வாசல் டிஸ்கஷன் ரூம்தான். ஒரு டயர் கடை மாடில ஹீரோயினோட அண்ணனுக்கு விஷயம் எப்படி தெரியுதுங்கற ஒத்த சீனுக்கு ஒம்போது நாள் உக்காந்தோம். போன்ல பாக்குறான், ஃப்ரெண்டு சொல்றான்னு எல்லாம் பழசு. பத்தாவது நாள் நான் சொன்னேன், அயர்ன் கடைக்காரர் தங்கச்சி துணில கெடந்த பஸ் டிக்கெட்ட அண்ணன் கையில குடுக்குறாரு, அவ போனேன்னு சொன்ன ஊரு அதுல இல்ல. அதுதான் படத்துலயும் வந்துச்சு. டைட்டில்ல என் பேரு வரல. மொத மூணு வருஷம் சாப்பாடும் பெட்ரோல் காசும்தான் கெடச்சுது, எட்டு மாச காசு கதை சொல்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கவே பத்தாது.

வசனக்காரி:
நெல்லை தம்பி, எழுத மட்டும் பிடிக்கும்னா சீரியல் பக்கம் வாங்க. இங்க கதை, திரைக்கதை, வசனம்னு தனித்தனி ஆள், எபிசோடுக்கு இவ்ளோன்னு காசு. காலைல ஷூட்டிங்னா ராத்திரியே சீன் எழுதுன பேப்பர் போயாகணும், நடிகைக்கு காய்ச்சல்னா ஸ்பாட்லயே சீன மாத்தணும், கை நல்லா பழகிடும். அப்புறம் இப்பவே குறும்படம் எடுக்குற பசங்களோட சேருங்க. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி எல்லாம் கலைஞர் டிவி நாளைய இயக்குநர் நிகழ்ச்சில குறும்படம் எடுத்து வந்தவங்கதான, அந்த மாதிரி ஒருத்தர் படம் கெடைக்கறதுக்கு முன்னாடியே அவரு கூட எழுத ஆரம்பிச்சிருக்கணும்.

பழைய அசிஸ்டென்ட்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. யார்கிட்ட கதை சொன்னாலும் முன்னாடியே சினிமா எழுத்தாளர் சங்கத்துல பதிஞ்சிருங்க, காப்பிரைட் ஆபீஸ்லயும் 500 ரூபாய்ல பதியலாம். ஒன்லைன, அதாவது ஒரு வரிக் கதைய மட்டும் வச்சி உரிமை கேக்க முடியாது, கருவுக்கு காப்பிரைட் இல்ல, எழுதுன விதத்துக்குத்தான்னு சுப்ரீம் கோர்ட் 1978லயே சொல்லிருச்சு, அதனால சீன் சீனா முழுசா எழுதி வைங்க. அக்ரிமென்ட்ல கையெழுத்து போடும்போதும் கவனம், 2012 சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் தியேட்டர் தவிர மத்த வழில வர்ற ராயல்டி உரிமைய எழுதுனவங்க கிட்டருந்து எழுதி வாங்கவே கூடாது.

நெல்லைக்காரன்:
ரொம்ப நன்றி. வேலைய விடல, நைட் ஷிஃப்ட் கேட்டுப் பாக்கேன், பகல்ல டிஸ்கஷனுக்கு வர்றதுக்கு. சாலிகிராமம் அண்ணே, அந்த 118 பக்கத்துல மொத பத்து பக்கம் அனுப்பட்டுமா?

சாலிகிராமவாசி:
அனுப்புங்க தம்பி. இன்டர்வெல் சீனையும் சேத்து அனுப்புங்க.