அமெரிக்காவில புரோகிரசிவ் மெட்டலை (நீளமான, தாளம் மாறி மாறி வாற ஹெவி மெட்டல் இசை) ஆர் கேக்கினம்?

வெள்ளவத்தை_பேஸ்: பத்து நிமிசப் பாட்டை எந்த ரேடியோ போடும்? அங்க எப்பிடி எடுபட்டது?

கொட்டாஞ்சேனை_ட்ரம்ஸ்: வெட்டித்தான் போட்டவை. 1992இல வந்த ட்ரீம் தியேட்டர் குழுவின்ர 'புல் மீ அண்டர்' பாட்டு எட்டு நிமிசத்துக்கு மேல. சுருக்கின பதிப்புத்தான் ரேடியோவிலயும் எம்டிவியிலயும் ஓடினது. 1991இல குயின்ஸ்ரைக் குழுவின்ர 'சைலன்ட் லூசிடிட்டி', ஹொட் 100 எண்ட அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில 9ஆம் இடம். ஆனா அதை மெட்டல் எண்டு சொல்ல மனம் வராது.

தெஹிவளை_கிட்டார்: டூல் குழுவை மறந்திட்டியள் அண்ணை. 2019 ஓகஸ்ட் தொடக்கத்தில பழைய ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்கில விட்டு, மாதக் கடைசியில 'ஃபியர் இனாகுலம்' இறக்கினவை. பில்போர்ட் 200 எண்ட அமெரிக்க ஆல்பப் பட்டியலில நேரா முதலிடம். கூடுதலா ஆல்பம் விற்பனைதான், ஸ்ட்ரீமிங் கொஞ்சம். சின்னத் திரை பூட்டின சிடியையும் சனம் காசு குடுத்து வாங்கினது!

வெள்ளவத்தை_பேஸ்: டூலின்ர 'ஸ்கிஸம்' பாட்டின்ர தாளம் பிடிபடுதில்லை.

கொட்டாஞ்சேனை_ட்ரம்ஸ்: கண்டசாபு ஒண்டு, மிஸ்ரசாபு ஒண்டு: 5, பிறகு 7. நாலு நாலா எண்ணினா ரிஃப்பின்ர (திரும்பத் திரும்ப வாற இசைத் துண்டு) அழுத்தம் தட்டோட சேராது.