வீட்டு வானிலைக் கருவியும் விமான நிலைய அளவும் ஒத்துப்போகவில்லை: பள்ளத்தூரில் எதை நம்புவது?

மழைக்கணக்கு, பள்ளத்தூர்

வணக்கம். வெப்பம், ஈரப்பதம், அழுத்தம், காற்று, மழை எல்லாம் ஒரே கம்பத்தில் அளக்கும் கருவி ஒன்றை வீட்டு மொட்டை மாடியில் மாட்டியிருக்கிறோம். எங்கள் கண்மாய் ஆயக்கட்டுக்காரர்களுக்கு ஊரின் மழைக்கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. மற்ற அளவுகளையும் வருஷக்கணக்கில் எழுதி வைக்க நினைக்கிறேன்.

சரிபார்க்கலாமென்று மதுரை விமான நிலையத்தின் மெட்டார் அறிக்கையை (விமானப் போக்குவரத்துக்காக வெளியிடும் வானிலை அறிக்கை) எடுத்துப் பார்த்தால் ஒன்றும் சேரவில்லை. நேற்றுப் பிற்பகல் 2 மணிக்கு அங்கே 37 டிகிரி, இங்கே 41.3. அவர்கள் அளவில் கணக்குப் போட்டால் ஈரப்பதம் 45 சதவீதம் வருகிறது, என் கருவியில் 36. அழுத்தம் அங்கே 1004 ஹெக்டோபாஸ்கல், இங்கே 994.6. காற்று அங்கே 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்), இங்கே மணிக்கு 4 கிலோமீட்டர். போன வாரம் ராத்திரி இடிமழை பெய்ததில் எனக்கு 31 மில்லிமீட்டர் காட்டியது. மதுரையில் அன்று ஒரு துளி இல்லை. காரைக்குடி அரசுக் கணக்கிலும் அந்தத் தேதியில் மழை இல்லை, மறுநாள் தேதியில் இருக்கிறது.

கருவியே கோளாறா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்காற்று, தேவகோட்டை

திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள் அண்ணே. இரண்டு விவரம் வேண்டும். மாடியில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அழுத்தத்துக்குக் கருவியில் ஏதாவது அமைத்தீர்களா, பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருக்கிறதா?

இன்னொன்று. நேர்கோட்டில் பார்த்தால் உங்களுக்கு மதுரை விமான நிலையம் 90 கிலோமீட்டர், திருச்சி 70 கிலோமீட்டர்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மழைக்கணக்கு

தட்டோடு பதித்த மாடி. கம்பம் தரையிலிருந்து இடுப்பளவு உயரம். மேற்கே கைப்பிடிச் சுவர், பக்கத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அழுத்தத்துக்கு எதுவும் அமைக்கவில்லை.

ஓய்வுபெற்ற நோக்கர், திருச்சி

தம்பி, நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தாலே உங்கள் கருவி நன்றாக வேலை செய்கிறது என்று தெரிகிறது. சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அழுத்தத்திலிருந்து ஆரம்பிப்போம், அதுதான் சுலபம். 70, 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற விமான நிலையத்தோடு தைரியமாக ஒப்பிடக்கூடிய அளவு அது ஒன்றுதான். மெட்டாரில் க்யூ என்ற எழுத்தோடு வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். உங்கள் கருவி காட்டுவது உங்கள் மாடியில் உள்ள நிஜ அழுத்தம். நம் சமவெளியில் 9 மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். உங்கள் வித்தியாசம் 9.4. அதாவது 85 மீட்டர் சுமார். காரைக்குடிப் பக்கத்து உயரத்துக்கு அது பொருந்துகிற எண். கருவியில் அப்சல்யூட் (அந்த இடத்து நிஜ அழுத்தம்), ரிலேட்டிவ் (கடல்மட்டத்துக்கு மாற்றியது) என்று இரண்டு இருக்கும். ரிலேட்டிவை மட்டும் மாற்றி அமையுங்கள், அப்சல்யூட்டைத் தொட வேண்டாம்.

அமைப்பதற்குக் காலை 10 மணியை ஒட்டிய நேரம் நல்லது. நம் வெப்பமண்டலத்தில் அழுத்தம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம். அதிகாலை 4, மாலை 4 வாக்கில் பள்ளம். உச்சத்தில் சற்று நேரம் அசையாமல் நிற்கும், ஒப்பிட வசதி. மெட்டாரில் பின்னத்தை வெட்டிவிட்டு எழுதுவார்கள், 1004.9 இருந்தாலும் 1004 என்றுதான் வரும். அதனால் மதுரை, திருச்சி இரண்டின் சராசரியோடு அரை ஹெக்டோபாஸ்கல் கூட்டி அமையுங்கள். சில நாள் கவனித்து 1 ஹெக்டோபாஸ்கலுக்குள் நின்றால் போதும். அதற்கு மேல் துல்லியம் தேடாதீர்கள். வானிலைத் துறை வரைபடத்தில் போடும் கடல்மட்ட அழுத்தத்தோடு போட்டுப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். க்யூ அழுத்தம் ஒரு பொதுவான வளிமண்டலக் கணக்கில் மாற்றப்படுவது, வரைபடத்து அழுத்தம் அந்த நேரத்து வெப்பத்தையும் சேர்த்து மாற்றப்படுவது. மதுரை விமான நிலையம் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் காலத்தில் அங்கே இந்த இரண்டுக்கும் இடையே 1 ஹெக்டோபாஸ்கல் வரை வித்தியாசம் வரும்.

அடுத்தது வெப்பமும் ஈரப்பதமும். இவற்றைத் தனித்தனியாகப் பார்த்ததால்தான் இரண்டு கோளாறு இருப்பதுபோல் தெரிகிறது. உண்மையில் இருப்பது ஒன்றுதான். மெட்டாரில் 37/23 என்று இருந்திருக்கும். இரண்டாவது எண் பனிநிலை. காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அது சொல்லும், வெயில் ஏறினாலும் இறங்கினாலும் சட்டென்று மாறாது. உங்கள் 41.3 டிகிரிக்கும் 36 சதவீதத்துக்கும் கணக்குப் போட்டால் பனிநிலை 23க்குச் சற்று மேல். அதே காற்று! நீராவி சரியாக இருக்கிறது, சூடுதான் கூடுதல். ஈரப்பதச் சதவீதத்தை ஒருபோதும் நேரடியாக ஒப்பிடாதீர்கள், பனிநிலையை ஒப்பிடுங்கள்.

அந்தக் கூடுதல் சூடு தட்டோட்டிலிருந்தும் சுவரிலிருந்தும் கறுப்புத் தொட்டியிலிருந்தும் வருவது. வெப்பமானியை ஸ்டீவன்சன் பெட்டி என்ற காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், திறந்த மண்ணுக்கோ புல்லுக்கோ மேலே வைக்க வேண்டும் என்பது விதி. உங்களுடையது இப்போது ஒரு தோசைக்கல்லுக்கு மேலே நிற்கிறது. கருவியில் ஒரு கழித்தல் எண் போட்டு 41ஐ 37 ஆக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வெயிலால் வரும் பிழை பகலில் ஒரு மாதிரி, மேகமூட்டத்தில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி. மதியத்துக்குக் கழித்தால் விடியற்காலை அளவு கெட்டுப்போகும்.

உணரி சரியா என்று பார்க்க வேண்டுமானால் மேகம் மூடி, காற்று வீசும் நாளில், சூரியன் எழும் முன் ஒப்பிடுங்கள். அப்போது வட்டாரம் முழுக்க வெப்பம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மெட்டாரில் வெப்பம் முழு எண்ணாகத்தான் வரும், அதனால் அரை டிகிரி வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம். நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 0830 என்று இருப்பது காலை எட்டரை அல்ல, நமக்குப் பிற்பகல் 2 மணி. பலர் தடுக்கி விழும் இடம் இது.

கீழக்காற்று

ஐயா சொன்னதோடு ஒன்று. மாலையில் கீழைக்காற்று ஏறி வந்தால் நம் பக்கம் வெப்பம் இறங்கி, பனிநிலை ஏறும். தேவகோட்டையில் இதைப் பல நாள் பார்க்கிறேன். அந்த நேரத்தில் மதுரையோடு ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

காற்று வேகத்தை ஒப்பிடவே வேண்டாம். விமான நிலையத்தில் 10 மீட்டர் உயரக் கம்பத்தில், திறந்த வெளியில் அளக்கிறார்கள், அதுவும் 10 நிமிடச் சராசரி. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இருப்பதை அதோடு வைத்துப் பார்த்துப் பயனில்லை.

கண்மாய்ப் பாசனம், திருப்பத்தூர்

மழைக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கு வேண்டியதும் அதுதான்.

தேதிக் குழப்பம் முதலில். அரசு மழைக்கணக்கு நள்ளிரவில் மாறுவதில்லை. காலை எட்டரை மணிக்கு அளந்து, முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுவார்கள். செவ்வாய் இரவு 10 மணிக்குப் பெய்தது புதன்கிழமைக் கணக்கில் வரும். நம் ஊர் இடிமழை பெரும்பாலும் சாயங்காலமோ இரவோ வருவது, அதனால் ஏறக்குறைய எல்லா மழையும் உங்களுக்கு ஒரு நாள் முன்னதாகத் தெரியும். நீங்களும் எட்டரைக்கு எட்டரை என்று எழுதுங்கள்.

மதுரை விமான நிலையத்தை மழைக்கு மறந்துவிடுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் மழைமானிகளின் கணக்குத் தினமும் வருகிறது. ஆனால் அவற்றையும் உங்கள் கருவிக்குத் தராசாக வைக்காதீர்கள். ஒரு கோடை இடியில் ஊருக்கு மேற்கே வயல் நிறையும், கிழக்கே புழுதி பறக்கும். அது பிழையே அல்ல, நடந்த உண்மை. அதனால்தான் ஊருக்கு ஒரு கணக்கு வேண்டும் என்கிறேன்.

உங்கள் கருவிக்குத் தராசு அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு புனலும் பாட்டிலும் போதும். புனல் வாயின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கண்டுபிடியுங்கள். சேர்ந்த தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்து, அதைப் பத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் மழை மில்லிமீட்டரில் வந்துவிடும். வானிலைத் துறை மழைமானியில் 200 சதுர சென்டிமீட்டர் வாய் கொண்ட வகை உண்டு. அதில் 20 மில்லிலிட்டர் என்றால் 1 மில்லிமீட்டர். வாய் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர். மரம், சுவர் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள்.

மாடியில் காற்று சுழன்று துளியை வாயைத் தாண்டிக் கொண்டுபோகும், அதனால் மாடி மழைமானி குறைத்தே காட்டும்.

மழைக்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. ஐயா, எண்களை வைத்தே காற்று ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னதைப் படித்தபோது பெரிய நிம்மதி.

கம்பத்தைப் பின்பக்கத் தோட்டத்துச் செம்மண் தரைக்கு மாற்றி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் நட்டேன். அழுத்தம் இப்போது இரண்டு விமான நிலையங்களோடும் 1க்குள் நிற்கிறது. மேகமூட்டமான விடியலில் திருச்சி 27, இங்கே 26.8. பிற்பகல் வித்தியாசம் ஒன்றரை டிகிரிக்குள் வந்துவிட்டது, சில நாள் இங்கேதான் குறைவு.

மழைதான் இன்னும் இடிக்கிறது. பாட்டிலில் 22 வந்த மழைக்குக் கருவி 19 காட்டுகிறது. இரண்டும் இரண்டு மீட்டர் இடைவெளியில் சமமட்டத்தில் இருக்கின்றன.

கண்மாய்ப் பாசனம்

புனலைக் கழற்றி உள்ளே பாருங்கள். சிலந்தி வலையும் தூசும் சேர்ந்தால் ஊஞ்சல் போல் சாயும் அந்தச் சின்னக் கிண்ணம் ஒழுங்காகச் சாயாது. கம்பம் நேராக நிற்கிறதா என்றும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். வாய் 12 சென்டிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். 113 மில்லிலிட்டர் ஊற்றினால் 10 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டு அரைமணி நேரம் சொட்டச் சொட்ட விடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கிண்ணம் சாயும் நேரத்துக்குள் தண்ணீர் வழிந்துவிடும். கனமழையிலும் அதே காரணத்தால்தான் இந்த வகை குறைவாகக் காட்டுகிறது.

மழைக்கணக்கு

வலை இருந்தது. சுத்தம் செய்து, கம்பத்தை நிமிர்த்திச் சொட்டவிட்டதில் 10க்கு 9.6 வருகிறது. கருவியில் மழைக்கென்று திருத்த எண் போடும் இடம் இருக்கிறது. 1.04 போடட்டுமா?

ஓய்வுபெற்ற நோக்கர்

போடலாம். வெப்பத்துக்கு வேண்டாம் என்றது பிழை மாறிக்கொண்டே இருப்பதால். இங்கே சோதனையில் வந்த நிலையான குறை, அதனால் திருத்தம் செல்லும். இன்னொரு முறை சொட்டவிட்டு அதே எண் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆயக்கட்டுக்காரர்களுக்கு மொத்த மழையைப் பாட்டில் கணக்கிலிருந்து சொல்லுங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதைக் கருவியிலிருந்து எடுங்கள்.

வளவு வீடு, கானாடுகாத்தான்

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் தோட்டம் இல்லை. நடு வளவு முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கிறது. அங்கே வைக்கலாமா?

ஓய்வுபெற்ற நோக்கர்

முற்றம் வேண்டாம் அம்மா. நான்கு பக்க ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும், மழை கூடுதலாகத் தெரியும். வெயில் சில மணி நேரம்தான் படும், காற்று அடைபட்டு நிற்கும், வெப்பம் வீட்டு வெப்பமாகவே இருக்கும். மாடிதான் வழி என்றால், கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டு மீட்டராவது எழும் கம்பத்தில், பல தட்டு அடுக்கிய வெள்ளைக் கூட்டுக்குள் வெப்ப உணரியை வையுங்கள். உள்ளே சின்ன விசிறி ஓடும் கூடு கிடைத்தால் இன்னும் நல்லது. மழைமானியை மட்டும் தனியாகப் பிரித்து, தெரிந்தவர் தோட்டத்திலோ பள்ளி மைதான ஓரத்திலோ தரையில் வைக்க இடம் கேட்டுப் பாருங்கள்.