ரெட்வுட் பூங்காவுக்குள் ரம்பம்: காட்டுக்கு மருந்தா, மர வியாபாரமா?

கார்மேகம்:
வட கலிபோர்னியாவில், உலகிலேயே மிக உயரமாக வளரும் மரமான ரெட்வுட்டின் பெயரில் இருக்கும் தேசிய, மாநிலப் பூங்காக்களுக்குள்ளேயே இப்போது மரம் வெட்டுகிறார்கள். 2018-இல் தொடங்கிய ‘ரெட்வுட்ஸ் ரைசிங்’ என்ற திட்டம் இது. தேசியப் பூங்கா சேவையும் மாநிலப் பூங்காத் துறையும், 1918-லிருந்து இந்த மரங்களுக்காகவே இயங்கிவரும் சேவ் த ரெட்வுட்ஸ் லீக் அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. முன்பு மொட்டையடித்த இடங்களில் மறுபடி முளைத்த காடு நெருக்கமாக இருக்கிறதாம், அதைக் கலைத்துவிட்டால், அதாவது இடையிடையே மரங்களை வெட்டி இடைவெளி விட்டால், மிச்ச மரங்கள் சீக்கிரம் பெரிதாகுமாம். வெட்டிய தடிகளில் ஒரு பகுதி மில்லுக்குப் போகிறது, அந்தப் பணம் திட்டச் செலவுக்கு உதவுகிறது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1850-களில் தங்கம் தேடி வந்த கூட்டத்தோடு வந்த கோடரி, ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் ஆதிக்காட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் விட்டுவைத்தது. மிச்சத்தைக் காப்பாற்றப் பல தலைமுறைகள் போராடியிருக்கிறார்கள். 2,000 ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய மரத்துக்கு எப்படி வளர வேண்டும் என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. விட்டுவிடுங்கள், அதுவே வளரும்.

யுரேகாவாசி:
கார்மேகம் அண்ணா, நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பூங்காக்களில் காடு சுமார் 1,20,000 ஏக்கர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, பூங்கா ஆவதற்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டது. முழுவெட்டுக்குப் பிறகு கம்பெனிகள் பல சரிவுகளில் ஆகாயத்திலிருந்து டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் விதையைத் தூவின. கட்டுமானத்துக்குச் சீக்கிரம் தேறும் மரம் என்பதுதான் கணக்கு. அப்படி வந்த காட்டைத்தான் நாம் ‘இயற்கை’ என்று நினைத்துக் கும்பிடுகிறோம்.

இந்தப் பூங்காவில் மில் கிரீக் என்ற பகுதிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏக்கருக்குப் பெரிய மரம் சில பத்து நிற்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டி, ஒல்லிக்குச்சியாக நிற்கின்றன. பிடுங்கி நடாமல் விட்ட நாற்றங்கால் மாதிரி. நடு மதியத்திலும் தரையில் வெளிச்சம் விழாது. ஆளுயரத்துக்கு வளர வேண்டிய வாள் பெரணி இல்லை, ஹக்கில்பெர்ரி புதர் இல்லை. காலடியில் காய்ந்த சுள்ளி நொறுங்கும், அவ்வளவுதான். முகத்துக்கு நேரே கீழ்க்கிளைகள் எல்லாம் பட்டுப்போய் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பச்சை என்று ஏதாவது இருந்தால் தலைக்கு மேல் உச்சியில் ஒரு கொத்து.

அதே பூங்காவின் ஆதிக்காட்டில் ஒரு பெரிய ரெட்வுட்டின் உச்சிக்கு ஏறிய ஆய்வாளர்கள் பார்த்தது வேறு உலகம். கிளையும் கிளையும் சேரும் இடத்தில் மக்கிய இலை தேங்கி மண்ணாகி, அதில் தோல் பெரணி மெத்தை மெத்தையாக வளர்கிறது. அந்த ஈரத்தில், தரைக்கே வராமல், சாலமாண்டர் என்ற பல்லி மாதிரி உயிரி குடியிருக்கிறது. அந்த மாதிரிக் கிளை உருவாக மரம் பருக்க வேண்டும், பருக்க இடம் வேண்டும். பூங்கா என்று பலகை நட்டதால் மட்டும் அது வந்துவிடாது.

கார்மேகம்:
நெருக்கமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை தம்பி. அதற்கு மருந்து ரம்பம்தானா என்பதுதான் கேள்வி.

ரெட்வுட் நிழலைத் தாங்கும் மரம். பெரிய மரத்தடியில் வளர்ச்சியே இல்லாமல் மிக நீண்ட காலம் காத்திருந்து, மேலே ஒன்று சாய்ந்து வெளிச்சம் கிடைத்ததும் விறுவிறுவென்று கிளம்பும். இந்தக் குணத்தைக் காட்டியலார் எல்லாருமே எழுதியிருக்கிறார்கள். ஆக, நெருக்கத்தில் தோற்கப் போவது டக்ளஸ் ஃபிர்தான். ஐம்பது, அறுபது ஆண்டில் முடிவு தெரியாது, சரி. நமக்கு என்ன அவசரம்?

அப்புறம், கலைத்த இடத்தில் நடப்பதையும் சொல்லுங்கள். கருங்கரடி வசந்தகாலத்தில் இளம் ரெட்வுட்டின் பட்டையைப் பல்லால் உரித்து, உள்ளே இருக்கும் இனிப்பான சதையைச் சுரண்டித் தின்னும். நெருக்கம் குறைந்து மரம் கொழுகொழுவென்று வளரும் இடம் அதற்குப் பிடித்த இடம். நீங்கள் விட்டுவைத்த நல்ல மரமே சுற்றிலும் பட்டை உரிந்து சாகிறது.

இன்னொன்று மர்ரலெட். கடலில் மீன் பிடித்து வாழும் பறவை, ஆனால் முட்டையிட ஆதிக்காட்டுக்குள் வரும். கூடு கட்டாது. பாசி படர்ந்த அகலமான கிளையில் ஒரே ஒரு முட்டை. அதன் முதல் எதிரி ஸ்டெல்லர் ஜே என்கிற நீலக் காக்கை இனம். காட்டில் ஓட்டை போட்டு ஓரம் உண்டாக்கினால் அந்த ஜே உள்ளே வரும். ஆதிக்காட்டை ஒட்டிய சரிவில் ரம்பம் வைக்கும்போது இதையெல்லாம் யோசிக்கிறார்களா?

சுந்தரவல்லி:
நான் சாந்தா குரூஸ் பக்கம். 2020 ஆகஸ்ட்டில் மின்னலில் பிடித்த தீ பிக் பேசின் பூங்காவில் கிட்டத்தட்ட முழுவதையும் எரித்தது. 1902-இல் தொடங்கிய பூங்கா அது, கலிபோர்னியாவின் முதல் மாநிலப் பூங்கா. கரிக்கட்டையாக நின்ற பெரிய ரெட்வுட்கள் மறு ஆண்டே தண்டு முழுக்கப் பச்சையாகத் துளிர்த்தன. ஒரு இலைகூட மிஞ்சாத மரம் எங்கிருந்து தளிர் விட்டது? ஆய்வாளர்கள் அந்தத் தளிரைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட முடிவு இதுதான்: பட்டைக்கு அடியில் நூற்றாண்டுகளாக உறங்கிக் கிடந்த மொட்டுகள் அவை. அவற்றுக்குத் தீனி போட்டது, மரம் அரை நூற்றாண்டுக்கும் முன்பு சேமித்து வைத்த சர்க்கரை. அதே இடத்தில் டக்ளஸ் ஃபிர் பெரும்பாலும் செத்துவிட்டது.

என் கேள்வி இரண்டு பேருக்கும்தான். கலைக்கும் வேலையைத் தீயே செய்யாதா? யுரோக், டோலோவா பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் காடுகளில் திட்டமிட்டுத் தீ வைத்துவந்தார்கள். அதைத் தடை செய்து நூறு ஆண்டுக்கு மேல் தீயே இல்லாமல் வைத்திருந்தது வந்தேறிய அரசு. இயந்திரத்தை அனுப்புவதற்கு முன்னால் அந்த மக்கள் கையில் தீயைத் திரும்பக் கொடுப்பதுதானே முறை?

யுரேகாவாசி:
அக்கா, தீ திரும்ப வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் பிக் பேசினில் பிழைத்தவை பெரிய மரங்கள். பட்டை முப்பது சென்டிமீட்டர் வரை தடிமன் இருக்கும், உள்ளே சேமிப்பும் இருக்கும். மில் கிரீக்கின் ஒல்லி மரத்துக்கு இரண்டும் கிடையாது. கடும் தீ வந்தால் மேலே எல்லாம் பட்டுப்போய் அடியிலிருந்து பத்து இருபது தூராகக் கிளம்பும். திரும்பவும் அதே நெருக்கம், அதே வட்டம், ஐம்பது ஆண்டு பின்னால். முதலில் இடம் விட்டு, பிறகு மெல்லிய தீ வைத்தால் நிற்கும்.

‘என்ன அவசரம்’ என்றார் அண்ணன். அவசரம் பனியில் இருக்கிறது. கோடையில் மழையே இல்லாத இந்தக் கரையில், இலையில் படிந்து சொட்டும் மூடுபனிதான் மரத்துக்குத் தண்ணீர். ஓர் ஆண்டில் காட்டுக்குக் கிடைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்கு இப்படி வந்ததாக டாட் டாசன் என்ற ஆய்வாளர் 1998-இல் அளந்து எழுதினார். 2010-இல் அவரும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து வெளியிட்டது: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கரையில் பனி மூடும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. வரும் தண்ணீரை ஆயிரம் குச்சி பங்கிட்டுக் கொள்வதா, நூறு மரம் குடிப்பதா? முந்நூறு ஆண்டு காத்திருக்கலாம் என்பது பழைய வானிலைக்குச் சரி.

மாணிக்கம் ஆசாரி:
மர வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று. ரெட்வுட்டுக்கு விலை அதன் வைரத்தில்தான், அதாவது நடுவில் இருக்கும் முற்றிய கட்டையில்தான். சிவப்பாக, செல் அரிக்காமல், தரையில் விழுந்தாலும் நூற்றாண்டு கிடக்கும் சத்து அதில்தான் இருக்கிறது. இளம் மரத்தில் பாதிக்கு மேல் வெளுப்புக் கட்டை, மழையில் சீக்கிரம் உளுத்துவிடும். இதை வெட்டி எவனும் பெரிய லாபம் பார்க்க முடியாது. ஆதிக்காட்டு மரத்தை வெட்டியவர்கள் வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கார்மேகம்:
ஆசாரி ஐயா, லாபம் சிறியது என்பதால் ஆசையும் சிறியது என்று ஆகிவிடாது. மெண்டசீனோ மாவட்டத்தில் ஜாக்சன் மாநிலக் காடு இருக்கிறது, சுமார் 48,000 ஏக்கர், அரசுக்குச் சொந்தமானது. அங்கே மரம் விற்ற பணத்தில்தான் காட்டு நிர்வாகம் நடந்துவந்தது. பெயரில் ‘செய்முறை விளக்கக் காடு’, நடைமுறையில் நூறு வயதை நெருங்கும் நல்ல மரங்களில் குறி. 2021-இல் காஸ்பர் ஊர்க்காரர்கள் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மறித்தார்கள். போமோ பழங்குடியினர் தங்கள் புனித இடங்கள் அதற்குள் இருக்கின்றன என்று சொல்லி நிர்வாகத்தில் பங்கு கேட்டார்கள். எந்த மரத்தில் குறி போடுவது என்று முடிவு செய்கிறவரின் சம்பளம் அந்த மரத்தின் விலையிலிருந்து வந்தால், குறி மெல்ல மெல்லப் பெரிய மரத்தின் பக்கம் நகரும். ஆள் நல்லவர், கெட்டவர் என்ற பேச்சே இல்லை இதில்.

ஆதிக்காட்டில் தரைக்கு மேலே மட்டும் ஹெக்டேருக்கு 2,600 டன் வரை கார்பன் இருப்பதாக 2016-இல் அளந்திருக்கிறார்கள். உலகில் வேறு எந்தக் காட்டிலும் இவ்வளவு இல்லை. அந்த நிலையை நோக்கிப் போகிற காட்டிலிருந்து லாரி லாரியாக ஏற்றினால் அது பின்னோக்கிப் போவதுதான்.

யுரேகாவாசி:
ஜாக்சன் விஷயத்தில் நானும் ஊர்க்காரர்கள் பக்கம்தான். விற்பனைக்காக நடத்தும் காட்டையும், பூங்காவில் பெரும்பாலும் டக்ளஸ் ஃபிரைக் குறைக்கும் வேலையையும் ஒன்றாக்குவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஜாக்சனில் பெரிதை எடுத்துச் சிறிதை விட்டார்கள். இங்கே சிறிதை எடுத்துப் பெரிதை விடுகிறார்கள்.

யாரும் பேசாத ஒன்று இருக்கிறது: ரோடு. 1978-இல் பூங்காவோடு 48,000 ஏக்கர் சேர்த்தபோது அதில் பெரும்பகுதி வெட்டி முடித்த நிலம். 2006-இல் கண்டுபிடித்த, 115 மீட்டரைத் தாண்டிய, உலகிலேயே உயரமான ஹைப்பீரியன் என்ற ரெட்வுட் மரம் நிற்கும் பகுதியிலும் மேல்சரிவுகளில் முழுவெட்டு வந்து நின்றிருந்தது. அந்த நிலத்தோடு கூடவே வந்தது 300 மைலுக்கு மேல் லாரி ரோடு. நாடாளுமன்றம் அந்தச் சட்டத்திலேயே நிலத்தைச் சீராக்க 3.3 கோடி டாலர் ஒதுக்கியது, அவ்வளவு மோசமாக இருந்தது நிலைமை.

ரோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒரு குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டியிருப்பார்கள். பெருமழையில் ஒரு அடிக்கட்டை வந்து குழாயின் வாயில் சிக்கும். தண்ணீர் மேலே ஏறும், மண்மேடு முழுவதும் ஒரே இரவில் ஓடைக்குள் இறங்கும். கோஹோ சால்மன் முட்டையிடுவது சரளைக் கல் இடுக்கில். அந்த இடுக்கில் வண்டல் அடைத்தால் முட்டைக்குக் காற்று கிடைக்காது. மரத்தைக் கலைக்காவிட்டால் காடு மெதுவாக வளரும். ரோட்டை எடுக்காவிட்டால் மீன் போய்விடும், அதற்கு நாள் கடத்த முடியாது.

சுந்தரவல்லி:
அப்படியென்றால் ரோட்டை எடுப்பதற்கு முழுப் பணமும் அரசே தரட்டும். மரத்தில் கை வைக்காமல் அதை மட்டும் செய்யலாமே?

யுரேகாவாசி:
செய்யலாம் அக்கா. ஆனால் ரோட்டை எடுத்துவிட்டால் அந்தச் சரிவுக்கு மறுபடி ஆளும் இயந்திரமும் போக முடியாது. கலைக்க வேண்டும் என்றால் அதற்கு முன்பே கலைத்தாக வேண்டும். அதனால்தான் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன.

கார்மேகம்:
இந்த ஒரு இடத்தில்தான் நம் சண்டையே இருக்கிறது. ரோட்டை எடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, நாளைக்கே எடுக்கட்டும். ஆனால் ‘கலைத்த பிறகுதான் எடுப்போம்’ என்றால் கலைக்கும் பணம் வரும்வரை பழைய ரோடும் திறந்தே கிடக்கும், இடையில் வரும் ஒவ்வொரு பெருமழையிலும் குழாய் அடைக்கும். மேல்சரிவில் ரோட்டை முதலில் மூடி, அங்கே நிற்கும் காட்டை அப்படியே விட்டுவிடுங்கள். கலைத்த சரிவும் கலைக்காத சரிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். எது நன்றாக வந்தது என்று அடுத்த தலைமுறை அளந்து பார்க்கும்.

யுரேகாவாசி:
எல்லாச் சரிவிலும் கலைக்கப் போவதில்லை, செங்குத்தான இடங்களும் ஓடைக் கரைகளும் ஏற்கெனவே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டவைதான். ஆதிக்காட்டை ஒட்டிய சரிவுகளில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது, மர்ரலெட்டுக்கு அடுத்த கிளை அங்கேதான் பருக்க வேண்டும். மற்ற மேல்சரிவுகளில் ரோட்டை முதலில் எடுக்கலாம் என்பது நியாயம். எந்தெந்த ஓடை என்று வரைபடத்தை வைத்துப் பேசலாம், ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.