8 அடி கராஜ்ல டொயோட்டா ஆக்சியோ கார், பின் செவுர்ல முட்டாம எப்படி விடுறது?

டிக்கோயா_மழை:

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு மாசமா இதே தலைவலி, வீட்டுல கேட்டா சிரிக்கிறாங்க, அதான் இங்க வந்து கேக்குறேன்.

நம்ம வீடு ரோட்டுக்குக் கீழ, இந்த மலைநாட்டுப் பக்கம் பாதி வீடு அப்படித்தானே. ரோட்டுலேருந்து 12 அடி கொங்கிறீட் எறக்கம், அது கராஜ் வாசலோட முடியாம உள்ள ஒரு 4 அடி போயித்தான் சமதரையாகுது. அப்பா கட்டுனது, அப்ப இருந்தது ஆல்டோ. உள்ள அகலம் 8 அடி, நீளம் 15 அடி 6 இன்ச். ரோலர் டோர் போட்ட வாசல் மட்டும் 7 அடி, ரெண்டு பக்கமும் தூண் அரை அடி அரை அடி உள்ளுக்கு வந்து நிக்கிது.

ஆல்டோ ஒன்றரை மீட்டர் அகலம்தான், கண்ண மூடிக்கிட்டு விடுவேன். இப்ப அதக் குடுத்துட்டு ஆக்சியோ எடுத்தோம், நீளம் 4.4 மீட்டர், அகலம் 1.695. டேப் வச்சு அளந்தா போகுது, நீளத்துல 32 சென்டிமீட்டர் மிச்சம்கூட இருக்கு. ஆனா நெசத்துல போக மாட்டேங்குது. மொதல்ல மூஞ்சிய உள்ள விட்டேன், பின் கதவுல தூண் ஒரசி ஒரு கோடு. சரின்னு ரிவர்ஸ்ல விட்டேன், கேமரால சிவப்பு கோட்டுக்கும் செவுருக்கும் நல்லா எடம் தெரியுது, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு போனா டொக்குன்னு ஒரு சத்தம். பம்பர்ல வெடிப்பு. 2020ல இலங்கையில வாகன எறக்குமதிய நிப்பாட்டுனதுலேருந்து சாமான் வெலை எங்கயோ போயிருச்சு, 2025 பெப்ரவரில காருக்கு திரும்ப தொறந்துவிட்ட பொறகும் நம்ம கைக்கு எட்டுற மாதிரி ஒண்ணும் எறங்கல, அதனால இன்னொரு பம்பர் நம்மளால முடியாது.

சென்சர் பூட்டவா? டெனிஸ் பந்து தொங்க விடுறாங்களே அது சரி வருமா? இல்ல பேசாம தூண ஒடச்சிரவா?

கொழுந்துலொறி_டிரைவர்:

தம்பி, நான் 22 வருசம் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுனவன். கொழுந்து நிறுக்கிற எடத்துலயும் ஃபெக்டரி வாசல்லயும் லொறிய ரிவர்ஸ்ல சொருகுறது தான் பொழப்பே, அப்ப கேமராவும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒதவிக்கு வர்ற கிளீனர் பய ஒருத்தன் லொறி பொடிய தட்டித் தட்டி எண்ட எண்டம்பான், வா வான்னு அர்த்தம், அவன் தூங்கிட்டா நமக்கு சனியன்.

மொத விசயம், மூஞ்சிய உள்ள விடாத. திரும்பைல பின்டயர் முன்டயர் போன தடத்துல வராது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும், அதான் பின் கதவு தூண்ல ஒரசுச்சு. ரிவர்ஸ்ல போனா பின்டயர் மொதல்ல வாசல்ல நேரா நொழைஞ்சிரும், திருப்புற டயர் ரெண்டும் வெளிய இருக்கிறதால நீ இப்படி அப்படி ஆட்டி நேராக்கிக்கலாம். காலைல வெளிய எடுக்கைலயும் மூஞ்சி ரோட்டப் பாத்து இருக்கும், மூடுபனில எறக்கத்துலேருந்து பின்னாலயே ஏறி ரோட்டுக்கு வர்றது எவ்வளவு பயம்னு உனக்கே தெரியும்.

ரெண்டாவது, பின் செவுர கண்ணால பாக்காத, டயரால தெரிஞ்சுக்க. டயருக்கு தடுப்புக் கட்டை போடு. 4 இன்ச்சுக்கு 4 இன்ச் டர்பன்டைன் மரக் கட்டை போதும், அதுக்கு மேல உயரம் வேணாம், பம்பர் அடில புடிக்கும். இதுல எல்லாரும் ஒரு பிழை விடுவாங்க. கார உள்ள விட்டு டயர் தரையில தொடுற எடத்த சோக்கட்டியால கீறி, அந்தக் கோட்டுலயே கட்டைய அடிச்சிருவாங்க. டயர் உருண்டை தானே, 4 இன்ச் உயரத்துல கட்டையில முட்டுற எடம் தரையத் தொடுற எடத்துலேருந்து எட்டரை இன்ச்சு கிட்ட தள்ளி இருக்கும், அப்ப உன் கார் அந்த எட்டரை இன்ச் முன்னுக்கே நிண்டுரும், ரோலர் டோர் பானட்டுல எறங்கும். அளவெல்லாம் வேணாம், ஆள வச்சு மெதுவா சரியான எடத்துல நிப்பாட்டு, செவுருக்கு 6 இன்ச் விட்டாப் போதும், கட்டைய கொண்டு போய் டயரோட ஒட்டி வை, அங்கயே பூட்டு.

அப்பறம் ரிவர்ஸ் போகைல கிளீனர் சைட், அதாவது டிரைவருக்கு எதிர்ப்பக்கத்து சைட் மிரர கீழ சாய்ச்சு பின்டயர் தெரியுற மாதிரி வச்சுக்க. தலைய வெளிய நீட்டி எட்டிப் பாக்காத, எட்டிப் பாக்கிறவன் கை தானா ஸ்டேரிங்க வளைக்கும்.

பண்டாரவளை_வயரிங்:

அண்ணன் சொன்னது தான் சரி. நான் கேமரா சென்சர் பூட்டுற ஆள், அந்த வியாபாரத்துலயே இருந்துக்கிட்டு சொல்றேன், உங்களுக்கு சென்சர் வேணாம்.

ஏன் முட்டுச்சுன்னு சொல்றேன். கேமரால தெரியுற அந்த கோடு எதையும் அளந்து போடுறது இல்ல. காரும் பின்னாடி தரையும் ஒரே மட்டம்னு நெனச்சு கணக்குப் போட்டு படத்து மேல வரைஞ்சது, அவ்வளவு தான். உங்க எறக்கம் கராஜுக்குள்ள 4 அடி வருதுன்னு சொன்னீங்களே, அதுல தான் விசயமே இருக்கு. பின்டயர் சமதரைக்கு வந்த பொறகும் முன்டயர் எறக்கத்துல தான் நிக்கிது, நீங்க போட்ட அளவுக்கு கணக்குப் பாத்தா செவுர்ல முட்டுற வரைக்குமே அது எறக்கத்த விட்டு எறங்காது. அப்ப கார் மூக்கத் தூக்கிக்கிட்டு பின்பக்கம் தாழ்ந்து நிக்கிது, கேமரா கண்ணுக்கு பின்னாடி தரை மேட்டு மாதிரி தெரியுது. பின்னாடி தரை மேடா இருந்தா சாமான் இருக்கிறத விட தூரமா இருக்கிற மாதிரி காட்டும். பள்ளமா இருந்தா எதிர்ப்பக்கம், கிட்ட இருக்கிற மாதிரி காட்டும். அதாவது ரோட்டுல நிண்டு பாக்கைல உங்கள பயமுறுத்திட்டு, செவுரு கிட்ட வந்ததும் இன்னும் வா வாங்குது. உங்க பிழை இல்ல. கடையில பூட்டுன கேமராவா இருந்தா இன்னும் மோசம், அவங்க ஒட்டுன கோணத்தப் பொறுத்து கோடு எங்கயோ இருக்கும். நம்ம ஊரு மழைக்கு லென்ஸ்ல ஒரு சொட்டு நிண்டா அதுவும் இல்ல.

சென்சர் கதை இப்படி. பெரும்பாலானது 30 சென்டிமீட்டர் கிட்ட வந்தாலே பீப்னு விடாம கத்தும், அதுக்கப்பறம் 25 இருந்தாலும் 5 இருந்தாலும் ஒரே சத்தம். உங்களுக்கு மொத்தமா இருக்கிறதே 32, அதுல செவுருக்கு 15 விட்டு நிப்பாட்டணும். உங்களுக்கு எங்க ஒதவி வேணுமோ அந்த எடத்துல அது ஒண்ணுமே சொல்லாது. தூணுக்கும் சேத்து கத்தும்.

இன்னொண்ணு, முன்டயர் எறக்கத்துல நிக்கிறதால கார் எப்பவும் பின்னுக்கு உருளப் பாக்கும். கட்டைய தொட்டதும் கால் பிரேக்க அமத்தி வச்சிக்கிட்டே கியர நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்க இழுங்க, பிரேக்க மெதுவா விட்டு கார் நிக்கிதான்னு பாத்துட்டு அப்பறமா பி (பார்க்) கியர போடுங்க. நேரா பி போட்டு கால எடுத்தீங்கன்னா மொத்த பாரமும் கியர்பொக்ஸ்ல இருக்கிற ஒரு சின்ன கொக்கில தொங்கும், காலைல எடுக்கைல டங்குன்னு ஒரு அடி அடிக்கும் பாருங்க, அது தான்.

நானுஓயா_அக்கா:

எல்லாரும் கார நிப்பாட்டுறதையே கதைக்கிறீங்க, நிப்பாட்டிட்டு எப்படி எறங்குறதுன்னு ஒருத்தரும் சொல்லலையே.

தம்பி, உங்க அளவ வச்சு நான் கணக்குப் பாத்தேன். கார் 67 இன்ச் கிட்ட. கிளீனர் பக்கம் தூணுக்கு 4 இன்ச் விட்டு நேரா போனீங்கன்னா உள்ள அந்தப் பக்கம் செவுருக்கு 10 இன்ச், உங்க கதவுப் பக்கம் 19 இன்ச் மிஞ்சும். வாசலுக்கு சரி நடுவுல விட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் 14 இன்ச், ஒருத்தரும் எறங்க ஏலாது. அதனால நடுவுல விடுறத மறந்துருங்க. வீட்டு ஆளுங்கள ரோட்டுலயே எறக்கி விட்டுட்டு கிளீனர் பக்கமா ஒதுங்கிப் போங்க. 19 இன்ச்ல நான் எறங்குவேன், எங்க வீட்டுக்காரர் எறங்க மாட்டாரு, நீங்க எப்படின்னு நீங்க தான் சொல்லணும். வாசல்ல நொழையைல சைட் மிரர் ரெண்டையும் பாத்துக்கங்க, 1.695ங்கறது மிரர் இல்லாத அளவு. கிளீனர் பக்கத்து மிரர தூண் கிட்ட வந்ததும் மடிச்சே ஆகணும். ரிவர்ஸ்ல உள்ள போனா உங்க கதவு ரோட்டுலேருந்து பாக்கைல இடது பக்கச் செவுருக்கு வந்துரும், அந்தப் பக்கம் அலுமாரி கிலுமாரி இருந்தா இப்பவே எடுத்துருங்க.

நேரா போறதுக்கு நான் செஞ்சது கோடு. ஒரு நாள் சரியா நின்ன அண்டைக்கு டிரைவர் பக்க பின்டயர் ஓரத்துல கராஜ் தரையில மஞ்ச பெயின்ட்ல ஒரு கோடு, அத அப்படியே எறக்கத்துல மேல ரோடு வரைக்கும் நூல் புடிச்சு இழுத்தாச்சு. கண்ணாடியில கோடும் டயரும் ஒட்டிக்கிட்டே வந்தா செவுரப் பாக்கவே தேவையில்ல. கராஜுக்குள்ள மட்டும் கோடு போட்டு பிரயோசனம் இல்ல, உள்ள போன பொறகு கோணல்னு தெரிஞ்சு என்ன செய்யிறது, வெளியவே நேராகிடணும்.

பந்து நல்லது தான், நாங்களும் கட்டுனோம். ரிவர்ஸ்னா பின் கண்ணாடியில தொடுற மாதிரி தொங்க விடணும், எங்களுக்கு தகரக் கூரை, ரீப்பைல நூல கட்டி விட்டோம். மூணாவது நாள் பந்தக் காணோம், மகன் பக்கத்துத் தோட்ட லயன் வீட்டுப் பொடியன்களோட கிரிக்கெட் ஆடுறான். இப்ப அதே நூல்ல ஒரு பிளாஸ்டிக் போத்தல் மூடி தொங்குது, அது போதும். ஆனா கட்டை இருந்தா பந்து தேவையே இல்ல.

கதவு முட்டுற எடத்துல செவுர்ல பழைய பாட்டா செருப்ப வெட்டி ஒட்டுங்க. ரிஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டாதீங்க, எலி கொறிச்சு கராஜ் பூரா பனி பேஞ்ச மாதிரி ஆக்கிரும்.

அப்பறம் முக்கியமா, யாராச்சும் வழி காட்டுறதுன்னா காருக்கும் பின் செவுருக்கும் நடுவுல நிக்க விடாதீங்க. உங்க கதவுப் பக்கம், கண்ணாடியில உங்களுக்குத் தெரியுற எடத்துல நிக்கட்டும். ஆள் தெரியலன்னா கார் நிக்கணும். சின்னப் புள்ளைங்க வீட்டுக்குள்ள.

மேசன்பாஸ்_கொட்டகலை:

தூண ஒடைக்கவா னு கேட்டீங்க பாருங்க, அதுக்குத் தான் வந்தேன். கைய வைக்காதீங்க. ரோலர் டோருக்கு மேல இருக்கிற பீம் அந்த ரெண்டு தூண்ல தான் ஒக்காந்து இருக்கும், 6 இன்ச்சுக்கு ஆசப்பட்டு கூரைய தலைல போட்டுக்காதீங்க. தூண் மூலைய சும்மா கொஞ்சம் மழுக்கி ரப்பர் ஒட்டலாம், அவ்வளவு தான்.

கட்டை போடுறவங்க இந்த செவுர்லேருந்து அந்த செவுரு வரைக்கும் ஒரே நீளமா போடாதீங்க. நம்ம எறக்கத்துல மழைத்தண்ணி எப்படியும் உள்ள வரும், கட்டைக்குப் பின்னால கட்டி நிக்கும். டயருக்கு ஒண்ணா ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணும் ஒண்ணரை அடி, நடுவுல தொறந்தே விடுங்க. கார் எப்பவும் பின்னுக்கு சாயிதுன்னா வெறும் ஆணி நிக்காது, தரையில ஓட்டை போட்டு 12 எம்எம் கம்பி எறக்கி கட்டைய அதுல சொருகணும்.

வாசலுக்கு வெளிய எறக்கத்த குறுக்கால வெட்டி ஒரு தண்ணிக் கான் (வடிகால்) வச்சு மேல கம்பி கிராதி போட்டீங்கன்னா பாதித் தண்ணி அங்கயே போயிரும். எறக்கத்துல பாசி புடிச்சிருந்தா மொதல்ல அத சொரண்டுங்க, பாசில வழுக்குற டயருக்கு உங்க மஞ்சக் கோடும் தெரியாது கட்டையும் தெரியாது. புதுசா சீமெந்து பூசுறதா இருந்தா ஈரத்துல குறுக்கால கோடு கோடா கீறி விடச் சொல்லுங்க.

பண்டாரவளை_வயரிங்:

பாஸ் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க, குளிருக்கு கதவ மூடிக்கிட்டு உள்ளயே இன்ஜின சூடாக்காதீங்க, அந்தப் பொகைல கார்பன் மொனொக்சைட் இருக்கு, மணமும் வராது. நுவரெலியா பக்கம் இன்னும் நெறைய பேர் செய்யிறாங்க.

டிக்கோயா_மழை:

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கெழம பூரா அதே வேல தான்.

அலுமாரி இடது பக்கம் தான் இருந்துச்சு, அக்கா சொல்லலன்னா நான் காரையும் விட்டுட்டு உள்ளயே ஒக்காந்திருப்பேன். அத தூக்கி வலது மூலைக்கு மாத்துனோம், உள்ள அப்பாவோட பழைய ஆல்டோ ஹப்கெப் ஒண்ணு கெடந்துச்சு. மஞ்ச பெயின்ட் கெடைக்கல, வெள்ளையில கோடு போட்டாச்சு. கட்டை ரெண்டும் டயரோட ஒட்டி வச்சு கம்பி எறக்கியாச்சு, டிரைவர் அண்ணன் சொன்ன அதே பிழைய நானும் செய்யப் பாத்தேன், சோக்கட்டிய கையில எடுத்துட்டேன், அப்பறம் ஞாபகம் வந்து வச்சுட்டேன்.

முந்தாநேத்து ராத்திரி நல்ல மழை, கேமரால ஒண்ணும் தெரியல. கோட்டப் பாத்துக்கிட்டே எறக்குனேன், பின்டயர் ரெண்டும் ஒண்ணா கட்டையில போய் மெத்துன்னு ஒக்காந்துச்சு. எறங்கி டோர்ச் அடிச்சு அளந்தேன், செவுருக்கு ஆறேகால் இன்ச். ரோலர் டோரும் பம்பர தொடாம எறங்குச்சு.

19 இன்ச்ல நான் எறங்கிருவேன், ஜெக்கெட்ட கழட்டணும்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். கார் நிண்ட பொறகு டிக்கிய தொறக்க எடம் இல்ல, அரிசி மூட்டைய இப்ப ரோட்டுலயே எறக்கி தூக்கிக்கிட்டு வர வேண்டி இருக்கு. இதுக்கு யாராச்சும் வழி வச்சிருக்கீங்களா?

கொழுந்துலொறி_டிரைவர்:

கிளீனர் பயல ஒண்ணு வச்சுக்க.