1088இல் பாரூஸுக்குப் போகும் மரக்கலம்: என் நாயகி எந்த மாதம் பாய் விரிப்பாள்?

நாகைக் கயல்:

வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 1088. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மரக்கலம் கற்பூரம் வாங்குவதற்காகச் சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸுக்குப் போகிறது. நடுக்கடலில் தகப்பன் காய்ச்சலில் இறந்துபோக, இருபத்தாறு வயது மகள் கலத்தை ஏற்று நடத்துகிறாள்.

முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்த நண்பர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: அவள் ஆண் வேடம் போட வேண்டும், அல்லது வாள் சுழற்ற வேண்டும்; இல்லையென்றால் வாசகர் நம்பமாட்டார்களாம். எனக்கு இரண்டிலும் விருப்பம் இல்லை. என் அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்தவர். கூடையின் விளிம்பில் கை வைத்து ஒருமுறை அசைத்துப் பார்ப்பார், எடையைச் சொல்லிவிடுவார். யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் மனக்கணக்குதான். ஏலத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனாலும் அவரை ஏமாற்ற யாரும் துணிந்ததில்லை. என் நாயகி அப்படிப்பட்டவள்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். அந்தக் காலத்தில் ஒரு பெண் கலத்தை நடத்தினாள் என்று எழுதினால் அது வரலாற்றுக்கு முற்றிலும் பொருந்தாததா? கலம் ஐப்பசியில் புறப்படுவதாக எழுதியிருக்கிறேன், அது சரியா? கடைசியாக, புயலில் கலம் உடையும்போது கடலைக் காக்கும் மணிமேகலா தெய்வம் வந்து அவளைக் காப்பாற்றுவதாக வைத்திருக்கிறேன். அந்த இடம் மட்டும் எத்தனை முறை திருத்தி எழுதியும் உயிரில்லாமல் கிடக்கிறது.

கல்வெட்டுப் பித்தன்:

ஆண்டை நன்றாகத் தேர்ந்திருக்கிறீர்கள், சகோதரி. பாரூஸ் அருகே லோபு துவாவில் 1873இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலமும் 1088தான். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அங்கே கூடி எடுத்த முடிவு அதில் இருக்கிறது. வந்து சேரும் மரக்கல நாயனும் (கலத்தின் தலைவன்) கேவிகளும் (கலத்து ஆட்களாக இருக்கலாம்) கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாக ஆயம், அதாவது வரி, செலுத்த வேண்டும். அதன் பிறகுதான் பாவாடையில், அதாவது தரையில் விரித்திருக்கும் துணியில், கால் வைக்கலாம். இதைப் படித்த நாள் முதல் அந்தத் துணியும், அதன்மேல் படிகிற ஈரக் காலடியும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. உங்கள் நாயகி அங்கே வந்து நிற்கட்டும். 'மரக்கல நாயன்' என்றே எழுதிப் பழகிய கணக்கன் அவளை என்னவென்று எழுதுவான்? அங்கே ஓர் அத்தியாயமே இருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் பெண்கள் தங்கள் பெயரிலேயே நிலமும் பொன்னும் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே சொத்தும் கணக்கும் பெண் கையில் இருப்பது புதிதல்ல. பெண் மரக்கல நாயகியை நான் கல்லில் பார்த்ததில்லை. ஆனால் பிற்காலத்தில், அதே சுமத்ராவின் ஆச்சேயில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலஹயாத்தி கடற்படைத் தலைவியாக இருந்தார். தென்சீனக் கடலில் செங் யீ சாவ், கணவர் 1807இல் இறந்த பிறகு பெரும் கொள்ளைக் கப்பல் கூட்டத்தையே தன் பிடியில் வைத்திருந்தார். 1810இல் ஆயுதம் இல்லாமல், பெண்களும் குழந்தைகளும் சூழ, சீனத் துறைமுகமான காண்டனுக்கு நேரில் போய் அரசு அதிகாரியிடம் மன்னிப்பைப் பேசி முடித்தார். வேடமும் போடவில்லை, வாளும் தூக்கவில்லை.

இன்னொன்று, திசைகாட்டியைக் கொண்டுவந்துவிடாதீர்கள். சீனர்கள் அதைக் கடலில் பயன்படுத்திய செய்தி 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைக்கிறது. நாகையிலிருந்து பாரூஸ் போகப் போக வடவானத்து விண்மீன்கள் தாழ்ந்துகொண்டே வரும், அவளுக்கு அது போதும்.

வல்வை மூத்தவன்:

பிள்ளை, ஐப்பசி வேண்டாம். காற்று முகத்தில் அடிக்கும், புயலும் அப்போதுதான் வரும். உங்கள் ஊரைக் கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16, ஐப்பசி முடிகிற நேரம், உங்களுக்குத் தெரியாததல்ல. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று தணிந்துவரும் ஆவணிக் கடைசியில் புறப்படட்டும். தையிலோ மாசியிலோ வாடையைப் பிடித்துத் திரும்பட்டும். இடையில் உள்ள மாதங்களை அவள் பாரூஸில் காத்திருந்துதான் கழிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் பலரும் இந்தக் காத்திருப்பை விட்டுவிடுகிறார்கள்.

என் பாட்டனார் தண்டையல், அதாவது பாய்க்கப்பல் தலைவர். வல்வெட்டித்துறையிலிருந்து ரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போய்வந்தவர். இரவில் சுக்கான் பிடிக்கும்போது பாயைப் பார்க்கமாட்டாராம். காது மடலில் படுகிற குளிரை வைத்தே திருப்புவாராம். கரை நெருங்கினால் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவார். ஒட்டிக்கொண்டு வரும் மணலை விரலில் தேய்த்து, முகர்ந்து, சில நேரம் நாக்கிலும் வைத்துப் பார்த்து இடத்தைச் சொல்வார். எடை சொல்லும் உங்கள் அம்மாவின் கை இந்த வேலையையும் செய்யும்.

தாமரைக்குளம்:

தெய்வம் உடனே வந்துவிடுவதால்தான் அந்த இடம் உயிரில்லாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன். புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான மகாஜனக ஜாதகத்தைப் பாருங்கள். கடல் கடந்த பொன்னாடான சுவர்ணபூமிக்குப் போகும் கப்பல் உடைகிறது. மற்றவர்கள் அழுது தெய்வங்களைக் கூப்பிடுகிறார்கள். மகாஜனகன் சர்க்கரையும் நெய்யும் வயிறு நிறையத் தின்கிறான், ஆடையை எண்ணெயில் தோய்த்துக் கட்டிக்கொள்கிறான், பாய்மரத்தில் ஏறிக் குதிக்கிறான். ஏழு நாள் நீந்துகிறான். கடலைக் காக்கும் மணிமேகலா அந்த ஏழு நாளும் கவனிக்கவில்லை! வந்த பிறகும், கரையே தெரியாத கடலில் எதற்கு நீந்துகிறாய் என்று கேட்கிறாள்.

கோவலனின் முன்னோரைக் காப்பாற்றியவளும் இவளே. கம்போடியாவிலும் தாய்லாந்திலும் மின்னலுக்கு உரியவள் இவள்தான்; கையில் உள்ள பளிங்கு மணியை வீசுவாள், அது மின்னும். உங்கள் கலத்தில் இருக்கும் அந்தக் கரை ஆட்களும் இந்தக் கரை ஆட்களும் ஒரே மின்னலைப் பார்த்து ஒரே பெயரைச் சொல்லட்டும். ஆனால் உங்கள் நாயகிக்கும் அந்த ஏழு நாளைக் கொடுங்கள்.

நாகைக் கயல்:

மூவருக்கும் நன்றி. இரவெல்லாம் தூங்காமல் மாற்றி எழுதினேன். கலம் இப்போது ஆவணியில் புறப்படுகிறது. தெய்வம் ஏழாம் நாள்தான் வருகிறது. அதற்குள் நாயகி ஒரு பலகையில் மூன்று பேரைச் சேர்த்துக் கட்டி, கையில் இருக்கும் நெய்யை நான்காகப் பங்கிட்டுவிட்டாள்.

பாரூஸ் காட்சியை இன்று காலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாவாடை விரித்திருக்கிறது, கணக்கன் எழுத்தாணியைத் தூக்கியபடி தயங்குகிறான், அவள் பொன்னை எடுத்து வைக்கிறாள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "தராசில் ஏற்றும் முன்னால் அவள் கையில் வைத்துப் பார்த்தாளா?" என்று கேட்டார். அது நான் எழுதாத வரி. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.